எம்.எல்.ஏ. இளைத்த கதை

அரசியல்வாதிகளை ஆட்டிப் படைத்தவர்கள் இந்த நாட்டில் பலர் உண்டு. பணத்தைக் காட்டி ஆட்டியவர்கள், கூட்டத்தைக் காட்டி ஆட்டியவர்கள், ஜாதகத்தைக் காட்டி ஆட்டியவர்கள் என்று வகை வகையாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் வெறும் மௌஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓர் எம்.எல்.ஏ.வின் தலையை வாரா வாரம் சுருக்கியே அவரை வழிக்குக் கொண்டுவந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்த இன்ச் அண்ணன்.

பெங்களூரில் ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்துகளில் ஒன்றுதான் எங்கள் தெரு. வார்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் சம்பந்தப்பட்ட பெரிய மனிதர்கள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவார்கள். திட்டி எழுதினதற்காக வர மாட்டார்கள். "எழுதினது சரி டீச்சர், போட்டோ ஏன் போடல?" என்று கேட்க வருவார்கள்.

அண்ணனின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கழுத்தில் எப்போதும் ஒரு அளவு டேப் தொங்கும். அதைப் பார்த்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணனும் கூச்சத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, தீபாவளிக்கு முந்தின நாள் அவள் வந்து நின்றபோதுதான் "தங்கச்சி, நான் பேனர் அடிக்கிறவன்மா" என்று ஒப்புக்கொண்டார். அன்று அவள் பேசின பேச்சுக்குப் பிறகும் டேப்பைக் கழற்றவில்லை.

மனிதர்களை அவர் இன்ச் கணக்கில்தான் பார்ப்பார். பேனரில் ஒருவருடைய முகம் எத்தனை இன்ச் வரலாமோ அதுதான் அவருடைய தகுதி. எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸை முதல் முதலாகப் பார்த்ததும் "பத்து இன்ச் அம்மா" என்று என் காதில் சொன்னார். என்னைப் பற்றிக் கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நீங்க ஆறு இன்ச் டீச்சர். ஆனா நல்ல ஆறு இன்ச்."

ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

பேனர் உலகத்தின் சட்டதிட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடுவில் எம்.எல்.ஏ., ஆளுயரத்துக்கு, கைகூப்பியபடி. அவருக்கு வலது பக்கம் மாஜி கார்ப்பரேட்டர், மார்பு வரைக்கும். இடது பக்கம் அடுத்த தேர்தலில் கார்ப்பரேட்டர் ஆகப்போகிற இளைஞர், போனைக் காதில் வைத்தபடி. இளைஞருக்கு நாற்பத்தைந்து வயதுக்குக் குறையாது. கீழே வரிசையாக யுவ நாயகர்கள், சமாஜ சேவகர்கள், அவர்களுடைய மைத்துனர்கள். யாருடைய முகம் யாருடைய முகத்தைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருக்கிறது என்பதில்தான் எங்கள் வார்டு அரசியல் முழுவதும் நடக்கும். எழுத்தெல்லாம் கன்னடத்தில் இருக்கும், சண்டையெல்லாம் தமிழில் நடக்கும்.

பிறந்தநாள், கன்னட ராஜ்யோத்சவம், கணபதி, ரம்ஜான், கோயில் தேர், மாதா திருவிழா என்று வருஷம் முழுக்கப் பேனர்தான். பண்டிகை முடிந்தால் அந்த ஃபிளெக்ஸ் வீடுகளுக்கு வரும். மழைக்குத் தகரத்தின் மேல் போர்த்துவதற்கு அதைப் போல ஒரு பொருள் கிடையாது. எங்கள் வீட்டு வாஷிங் மெஷினை அப்போது மாஜி கார்ப்பரேட்டர்தான் மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது சாக்கடைக்கு வருகிறேன். எங்கள் தெரு முடிந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் மூலையில் ஒரு பெரிய சாக்கடை உண்டு. ஆள் ஆழம். கேபிள் பதிக்க வந்தவர்கள் அதன் மேலிருந்த சிமென்ட் பலகைகளைப் பெயர்த்தார்கள். பாதியை உடைத்தார்கள், மீதியை உள்ளேயே தள்ளிவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஓர் ஆட்டோ அப்படியே உள்ளே இறங்குகிற அளவுக்கு அது வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வெயில் நாளில் பரவாயில்லை, சுற்றிப் போய்விடலாம். மழை பெய்தால் ரோடும் சாக்கடையும் ஒரே தண்ணீர், எது எங்கே என்று தெரியாது. என் மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் வருவார்கள். வானம் இருட்டினால் எனக்குப் பாடம் ஓடாது.

வார்டு ஆபீஸுக்குப் போனேன். என்ஜினியர் சைட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எந்த சைட் என்று யாருக்கும் தெரியவில்லை. செயலியில் புகார் கொடுத்தேன். மறுநாளே 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது, கூடவே நன்றாக மூடப்பட்ட ஒரு சாக்கடையின் படமும். அது வேறு யாருடைய சாக்கடையோ. இன்றுவரை அந்தத் தெருக்காரர்கள் மேல் எனக்குப் பொறாமைதான்.

கடைசியில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு மாஜி கார்ப்பரேட்டர் வீட்டுக்குப் போனேன். நல்ல மனிதர், காபி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"இன்னா டீச்சர் பண்றது. கவுன்சில் முடிஞ்சி எத்தினி வருஷம் ஆச்சி. எலெக்‌ஷனே வெக்கல. நான் இப்ப கார்ப்பரேட்டரே இல்லியே. வெறும் ஆளு. என் கையில இன்னா கீது?"

நியாயமாகத்தான் பட்டது. வெளியே வந்ததும் அண்ணன் எதிர்ச் சுவரைக் காட்டினார். அவரே அடித்த பேனர் அங்கே தொங்கியது. கொட்டை எழுத்தில் 'ஜனப்பிரிய கார்ப்பரேட்டர்' என்று இருந்தது.

"காபி குடுக்கறப்போ மாஜி, போட்டோவுல மட்டும் கார்ப்பரேட்டரா?" என்றார் அண்ணன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். ஊருக்காக வந்த கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பேனரில் தப்பான தகவல் போய்விட்டதே என்கிற தொழில் கோபம்தான்.

அடுத்து வந்தது கணபதி பண்டிகை. பேனரில் மாஜியின் பெயர் எந்த அளவில் இருந்ததோ அதே அளவில் அதற்கு முன்னால் 'மாஜி' என்ற சொல்லையும் போட்டுவிட்டார். காலை டிபன் முடிவதற்குள் மாஜி கடை வாசலில் வந்து நின்றார்.

"இன்னாடா இன்ச்சு இது? மானத்த வாங்கற."

"நீங்கதான தலைவரே சொன்னீங்க, இப்ப கார்ப்பரேட்டர் இல்லன்னு."

"வீட்டுக்குள்ள சொன்னத ரோட்டுல போடுவியா? எடுத்துடு அத."

"எடுத்துடலாம் தலைவரே. கம்பத்துல லைட்டு எரியல. அது எரிஞ்சா உங்க பேரும் எரியும்."

சாயங்காலமே விளக்கு எரிந்தது. மாஜிக்கு அதிகாரம் இல்லைதான். ஆனால் லைன்மேனின் போன் நம்பர் இருந்தது. இந்த விஷயம் அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அண்ணன் ருசி கண்டுவிட்டார். அடுத்த பேனரிலிருந்து ஒரு முறை கொண்டுவந்தார். தெருவுக்கு வேலை நடந்தால் முகம் வளரும், நடக்காவிட்டால் சுருங்கும். யாரிடமும் சொல்லவில்லை, ஒரேயடியாகச் சுருக்கவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். குப்பை வண்டி வராத வாரம் இளைஞரின் தாடை குறையும். தண்ணீர் லாரி வந்தால் மாஜிக்குத் தோள் அகலும். முதலில் நான்தான் கண்டுபிடித்தேன். பிறகு இட்லிக் கடையில் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் தெருவே பேனரை மார்க் ஷீட் பார்ப்பதுபோல் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டது.

"இன்னாபா, எம்.எல்.ஏ. இளைச்சிட்டாரு இந்த வாரம்?"

"எளைக்காம? மூல சாக்கடய எட்டிப் பாத்தாரா?"

பக்கத்துக் கோழிக்கடை பாய் தினமும் கடையைத் திறக்கும்போது எதிர்ப் பேனரை அண்ணாந்து பார்த்து, "நக்கோ, இன்னும் தேறல" என்று தன் பாஷையில் ஒரு 'ஊஹூம்' சொல்லிவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவார்.

குப்பைமேடு போனது. வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு வந்தது. ஆனால் சாக்கடை மட்டும் அசையவில்லை. அது பெரிய வேலை, எம்.எல்.ஏ. மனசு வைக்க வேண்டும் என்றார்கள். எனவே எம்.எல்.ஏ. வாரா வாரம் இளைத்துக்கொண்டே வந்தார். நடுவில் ஆளுயரத்துக்கு நின்றவர் இடுப்பு வரைக்கும் வந்தார், அப்புறம் மார்பு வரைக்கும். தீபாவளிப் பேனரில் அவரும் மாஜியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். அதைப் பார்த்த எம்.எல்.ஏ.வின் பி.ஏ. நேரே கடைக்கு வந்தார். பி.ஏ. ஒல்லியான மனிதர், எதற்கெடுத்தாலும் 'நோடோணா' என்பார். கன்னடத்தில் 'பார்க்கலாம்' என்று அர்த்தம். அவர் பார்க்கலாம் என்று சொன்ன எதையும் பிறகு யாரும் பார்த்ததில்லை.

"சாக்கடைக்குப் பலகை போட்டா சாரைப் பழையபடி நிக்க வெச்சிடறேன்" என்றார் அண்ணன்.

"நோடோணா" என்றார் பி.ஏ. "ஆனா சார் பர்த்டே வருது. ஃபுல் சைஸ்ல வேணும். இல்லன்னா பொம்மனஹள்ளியில பெரிய மிஷின் இருக்கு."

எம்.எல்.ஏ. பிறந்தநாள்தான் அண்ணனுக்கு வருஷத்தின் பெரிய ஆர்டர். அதில்தான் மீதி மாதங்கள் ஓடும். எனக்கே பயமாக இருந்தது. "விட்டுடுங்கண்ணே, பொழப்ப பாருங்க" என்றேன்.

"பொழப்பதான் டீச்சர் பாக்கறேன்" என்றார். ஃபுல் சைஸுக்கு ஒப்புக்கொள்ளவில்லை.

பேனர் பொம்மனஹள்ளிக்குப் போனது. மிஷின் பெரியதுதான், எம்.எல்.ஏ.வின் மூக்கே ஒரு கதவளவு வந்திருந்தது. ஆனால் அந்தக் கடைக்காரருக்கு எங்கள் வார்டின் சம்பிரதாயம் தெரியாது. வந்த போட்டோக்களை வந்த வரிசையில் ஒட்டிவிட்டார். மாஜி கீழ் வரிசையில் மைத்துனர்களோடு நின்றார். போன வாரம்தான் அடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு சமாஜ சேவகர்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் மாஜியின் ஆட்கள் ஒரு பேனரைக் கிழித்தார்கள். இளைஞரின் ஆட்கள் பதிலுக்கு இரண்டைக் கிழித்தார்கள். கோர்ட்டு எத்தனையோ உத்தரவு போட்டும் யாராலும் அகற்ற முடியாத பேனர்களையெல்லாம் எங்கள் தலைவர்கள் ஒரே சாயங்காலத்தில் தங்கள் கையாலேயே அகற்றிவிட்டார்கள்.

பி.ஏ. திரும்பி வந்தார். இந்தத் தடவை நோடோணா இல்லை. சாக்கடை வேலைக்கு எம்.எல்.ஏ.வே வந்து குத்தலி பூஜை செய்வார் என்றார். குத்தலி என்பது மண்வெட்டி. அதற்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்து ஒரு கொத்து கொத்தினால் வேலை ஆரம்பித்ததாகக் கணக்கு. பெங்களூரில் முடிந்த வேலைகளைவிடக் குத்தலி பூஜைகள் அதிகம்.

பூஜை நாளன்று அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். கார்கள் வந்து நின்றன. வெள்ளை வேட்டியில் தலை முழுக்க நரைத்த, கன்னம் தொங்கிய ஒரு பெரியவர் இறங்கி மெதுவாக மண்வெட்டிப் பக்கம் நடந்தார். அண்ணன் கையை நீட்டி மறித்தார்.

"பெரியவரே, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க. எம்.எல்.ஏ. சார் வர்ற நேரம்."

பெரியவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனப்பா, நானே கணப்பா எம்.எல்.ஏ." என்றார் கன்னடத்தில். நான்தானப்பா என்று அர்த்தம்.

அண்ணன் அசரவில்லை, ஏனென்றால் நம்பவில்லை. அவர் மேல் தப்பில்லை. இத்தனை வருஷமாக அந்த முகத்தைத் தினமும் கம்ப்யூட்டரில் பார்த்தவர் அவர். முடியைக் கறுப்பாக்கியவர், கண்ணுக்குக் கீழே இருந்த பையை எடுத்தவர், தாடையைத் தூக்கி நிறுத்தியவர் எல்லாம் அவரேதான். வேலை செய்து செய்து அசல் மனிதர் எப்படி இருப்பார் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பி.ஏ. ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார்.

"யார் இவன்?" என்றார் எம்.எல்.ஏ., இப்போது தமிழில்.

"உங்க மூஞ்சிய செய்யறவன் சார்" என்றார் அண்ணன்.

எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். பெரிய மனசுதான். அண்ணன் தோளைத் தட்டிக்கொடுத்து, தேங்காயை உடைத்து, ஒரு கொத்து கொத்தி, போட்டோவுக்கு நின்று, காரில் ஏறிப் போய்விட்டார். தேங்காய்த் துண்டு ஒன்று உருண்டு சாக்கடைக்குள் விழுந்தது. அந்த வேலைக்கென்று இறங்கியது அது ஒன்றுதான். மண்வெட்டியை வாடகைக்கு எடுத்தவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாங்கள் காத்திருந்தோம். அண்ணன் ரொம்ப நம்பினார். "நேர்ல பாத்துட்டாரு டீச்சர், கண்டிப்பா நடக்கும்" என்று தினமும் சொன்னார். வேலை நடக்குமென்று எம்.எல்.ஏ.வை மறுபடியும் ஆளுயரத்துக்கு நிறுத்தினார், நரையைக்கூடக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். மழைக்காலம்தான் சொன்னபடி வந்தது.

அன்று பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கொட்டியது. மூலையில் குடையோடு நின்று பிள்ளைகளைச் சுவர் ஓரமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். ரெஹானா என்று ஒரு குட்டி, வகுப்பிலேயே சின்னவள். முன்னால் போனவளின் கையை விட்டுவிட்டு ஓர் அடி பக்கவாட்டில் வைத்தாள். அந்த அடி கீழே போய்க்கொண்டே இருந்தது. என் கைக்கு அவளுடைய புத்தகப் பையின் வார்தான் கிடைத்தது. இழுத்துவிட்டேன். ஒரு செருப்பு மட்டும் போயிற்று. அவள் செருப்புக்காக அழுதாள். பிறகு கடைசிப் பிள்ளை போகும் வரைக்கும் ஒவ்வொரு பையின் வாரையும் பிடித்தபடியேதான் அனுப்பினேன்.

அண்ணன் எதிரே தன் கடைப் படியில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். உள்ளே போய் ஷட்டரை இறக்கிக்கொண்டார். மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் மூலைச் சுவரில் ஒரு பேனர். நடுவில் தங்க வளையம், பின்னால் ஒளிவட்டம், அதற்குள் எம்.எல்.ஏ. இல்லை. சாக்கடை இருந்தது. திறந்த வாயோடு, கறுப்புத் தண்ணீரோடு, உள்ளே சரிந்து கிடந்த உடைந்த பலகையோடு. அதற்குக் கீழே யாருடையவோ கூப்பிய கைகளை வெட்டி ஒட்டியிருந்தார். கன்னடத்தில் வாசகம்: 'எத்தனை வருடம் ஆனாலும் இடத்தை விட்டு நகராத, ஜாதி மதம் பார்க்காமல் எல்லோரையும் அரவணைக்கிற, இருபத்து நாலு மணி நேரமும் திறந்தே இருக்கிற நம் வார்டின் ஒரே பிரதிநிதிக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்.' கீழே 'நலம் விரும்புவோர்' என்று போட்டு எம்.எல்.ஏ., மாஜி, இளைஞர், சமாஜ சேவகர்கள், மைத்துனர்கள் எல்லோரும். எல்லா முகமும் ஒரே அளவு. அவர் வாழ்க்கையிலேயே எல்லோரையும் சமமாக வைத்த பேனர் அது ஒன்றுதான்.

தலைவர்கள் வந்தார்கள். சாக்கடையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் அங்கேதான் நின்றேன்.

"அவனும் நானும் ஒரே சைஸா?" என்றார் மாஜி.

"இவரு பதவியில இல்லாதவரு, நான் வரப்போறவன். ரெண்டும் ஒண்ணா?" என்றார் இளைஞர்.

பி.ஏ. கையோடு ஒரு டேப் கொண்டுவந்திருந்தார். ஏணி போட்டு ஏறி, எம்.எல்.ஏ.வையும் ஒரு மைத்துனரையும் மாற்றி மாற்றி அளந்தார். இரண்டும் சரியாக இருந்தது. இறங்கி வந்தவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"இன்னா இன்ச்சு பண்ணிவெச்சிருக்க?"

"சாக்கடைய மூடுங்க சார். இத நானே இறக்கிடறேன்."

அதற்குள் காலேஜ் பிள்ளைகள் பேனரோடு நின்று செல்ஃபி எடுத்து ஊர் பூராவும் அனுப்பிவிட்டார்கள். மத்தியானம் ஒரு டி.வி. சேனல் மைக்கோடு வந்தது. அதற்கு மறுநாள் ஜே.சி.பி. வந்தது. வதந்தியாக மட்டுமே எங்களுக்குத் தெரிந்திருந்த வார்டு என்ஜினியர் உடலோடும் ஹெல்மெட்டோடும் வந்து நின்றார். இடிந்ததை எடுத்தார்கள், சுவரைக் கட்டினார்கள், புதுப் பலகைகளை வரிசையாக இறக்கினார்கள். அந்த வாரத்திலேயே வேலை முடிந்தது. இத்தனை நாள் ஏன் முடியவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்டால் மறுபடியும் திறந்துவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

பலகை இறக்கிய அன்றே இன்னொரு ஜீப்பும் வந்தது. அனுமதியில்லாத பேனர் வைத்த குற்றத்துக்காக அண்ணனின் பேனரை இறக்கினார்கள். அவர்களுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அண்ணன்தான். அதே சுவரில், அதே கயிற்றில், இளைஞரின் பிறந்தநாள் பேனரும் தொங்கியது.

"சார், அது?" என்றார் அண்ணன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "அது உயரத்துல இருக்கு. ஏணி எட்டாது" என்றார்.

பிறகு நேராகக் கடைக்குப் போய் ஷட்டரைப் பூட்டி அரக்கு வைத்து சீல் வைத்தார்கள். எங்கள் வார்டில் சட்டவிரோதப் பேனருக்காக நடவடிக்கை எடுக்கப்பட்டவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். தெருக்காரர்கள் கூட்டமாக வார்டு ஆபீஸுக்குப் போனோம். என்ஜினியர் சைட்டுக்குப் போயிருந்தார். மாஜியிடம் போனோம். காபி கொடுத்தார், தான் இப்போது கார்ப்பரேட்டரே இல்லை என்றார்.

பலகைகளைத் திறந்துவைக்க எம்.எல்.ஏ. வந்தபோது பொம்மனஹள்ளிப் பேனர் கட்டினார்கள். அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று கிட்டே போனேன்.

"மஞ்சளடிக்குது டீச்சர்" என்றார். "சாருக்குக் காமாலை வந்தாப்ல இருக்கு. இன்னா கலர் போட்டிருக்கானுங்க."

சீல் பிரிக்க அலைந்து பார்த்தார். பிரித்துக் கொடுத்தபோது வீட்டுக்காரர் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவரிடமும் மேலிடத்திலிருந்து யாரோ பேசியிருக்க வேண்டும். அண்ணனுக்குக் குடும்பம் கிடையாது, ஹெப்பகோடியில் ஒரு தங்கை இருந்தாள். மிஷினை டெம்போவில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். போகும்போது தெருவில் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கோழிக்கடை பாய் அன்று ஷட்டரைத் திறக்கவே இல்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் வண்டி போய்விட்டது, அதற்காக இன்றும் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு.

போன மாதம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் பேனர் வேண்டியிருந்தது. நானே கொண்டுவருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஹெப்பகோடி போனேன். ஒரு பி.ஜி. ஹாஸ்டலுக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் பழையபடி ஒரு சின்ன ஷட்டர் கடை. அண்ணன் இளைத்திருந்தார். ஃபேக்டரிக்காரர்களின் குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாள் பேனர்தான் இப்போது அதிகமாம். கட்சி ஆர்டர் எடுப்பதில்லை, யாரும் கொடுப்பதும் இல்லை.

பேனருக்கான படங்களை வாங்கிப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸை எங்கே வைப்பது என்று கேட்டார். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? போன்ல அனுப்பிச்சிருந்தா போதுமே டீச்சர்" என்றார்.

"போன்ல அனுப்பினா நீங்க சாப்பிட்டீங்களா இல்லியான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவர் ரெஹானாவின் படத்தை எடுத்துக் கொஞ்சம் பெரிதாக்கினார், பிறகு இன்னும் கொஞ்சம். டீச்சர்களுக்கு இடமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. நான் கொண்டுபோயிருந்த டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தேன்.

இவ்வளவு தூரம் போய்வர பஸ் சார்ஜ் வேறா என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சத்தம் போட்டார். நியாயம்தான். எங்கள் தெருவிலேயே இப்போது இரண்டு பேனர் கடைகள் இருக்கின்றன. இரண்டிலும் அண்ணன் இல்லை, அதனால்தான் போனேன்.